எக்ஸீட் என்ற சொல்லும் எங்கள் கிணறும்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வரி நேராகத் தொடங்கும், முடிவதற்குள் காற்றடித்த பக்கமாகச் சாய்ந்துவிடும். எந்த இடத்தில் எந்த ‘ல’ வரும் என்பது எனக்கு இன்னும் நிச்சயமில்லை. பிழை கண்டால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். ஆட்களுக்கு முன்னால் கதைக்க வராதவனுக்குக் கடதாசி கொஞ்சம் லேசு, அவ்வளவுதான்.

நான் எழுத நினைத்தது ஓர் இங்கிலீஷ் சொல்லைப் பற்றி. எக்ஸீட். அதை ஒரு தண்ணீர் மோட்டரின் தகட்டில்தான் கண்டோம். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் கிணற்றைச் சொல்ல வேண்டும்.

கற்பிட்டியிலிருந்து தெற்கே வரும் பாதையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பு என்கிற உப்புநீர் ஏரியுமாக மெலிந்து கிடக்கும் நிலத்தில் எங்கள் வெங்காயத் தோட்டம் இருக்கிறது. மண் என்று சொல்வது வெறும் மணல். மாரியில் பெய்கிற தண்ணீர் அந்த மணலுக்குள் இறங்கி, கீழே எங்கும் பரந்திருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் படுத்துக்கொள்கிறது. காய்ச்சிய பாலில் ஆடை கிடப்பதுபோல. எங்கள் கிணறுகள் அந்த ஆடையை மட்டும் தொடுகிற கிணறுகள். ஆழம் கிடையாது. குனிந்து பார்த்தால் அடி மணலில் நீரின் நிழல் அசைவது தெரியும்.

சில நேரம் கிணற்றுக்கட்டில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிடுவேன். மேலே உள்ள வானம் உள்ளே கிடக்கும். வானத்துக்குக் கீழே மணல். மணலுக்குக் கீழே, நான் ஒருநாளும் கண்டிராத ஒரு கடல், அலையில்லாமல், இருட்டில் நிற்கும். அப்படி நினைக்கும்போது எங்கள் வீடு, பள்ளிவாசல், வெங்காயப் பாத்தி, வேலியில் காயும் துணி எல்லாமே கொஞ்சம் மிதப்பதுபோல் இருக்கும். அந்த நினைப்பில் தோட்டத்துக்குள் மெதுவாகக் கால் வைத்து நடந்த நாட்களும் உண்டு.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பின்னேரம் அஸர் வரைக்கும் எங்கள் கிணற்றில் யாரும் அள்ளமாட்டோம். கிணறு கண்ணயர்கிறது என்போம். அள்ளின இடத்துக்கு நல்ல தண்ணீர் பக்கத்து மணலிலிருந்து நடந்து வரவேண்டும். அதற்கு நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் பக்கத்தில் இருப்பது வராது, கீழே இருப்பதுதான் வரும்.

வாப்பா மௌத்தான பிறகு காணி இரண்டானது. ஒரு பாதி எனக்கு, மறு பாதி என் தங்கச்சிக்கு. கிணறு நடு எல்லையில் இருந்தது. அதை யாரும் பிரிக்கப் போகவில்லை.

என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்து வந்தவள். ஒரு மாரியில் வெள்ளம் நின்று வெங்காயம் முழுதும் அழுகிப் போனபோது அவள் போனாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் இல்லாத அந்த வருடங்களில் எங்கள் வீட்டுக்குள் என் குரல் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பி வந்தபோது மற்றவர்களைப் போலக் கம்பளமும் வாசனைப் போத்தலும் கொண்டுவரவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் வேண்டாமென்று எறிந்த, மட்டை கிழிந்த ஒரு பெரிய இங்கிலீஷ் டிக்ஷனரியைக் கொண்டுவந்தாள்.

"மதினி, அங்கயிருந்து செங்கல்லா சுமந்துக்கிட்டு வந்தீங்க?" என்று என் தங்கச்சி சிரித்தாள்.

மனைவி பதினோராம் வகுப்பு, ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவள். அஸருக்குப் பிறகு கதிரையைக் கிணற்றுப் பக்கம் போட்டு, தேத்தண்ணியோடு ஏதாவது ஒரு சொல்லை எடுத்து வாசிப்பாள். நான் கீழே இருந்து வெங்காயத் தாள் கட்டிக்கொண்டே கேட்பேன். அர்த்தம் எனக்கு அவ்வளவு பெரிய விசயம் இல்லை. கடைசியில் சின்ன எழுத்தில், அந்தச் சொல் எந்தப் பாசையிலிருந்து, எந்த வழியாக வந்தது என்று போட்டிருக்கும். அதுதான் எனக்குப் பிடிக்கும். பாண், கதிரை, அலுமாரி எல்லாம் இப்படி ஏதோ ஒரு காலத்தில் கப்பலில் வந்து எங்கள் கரையில் இறங்கினவைதானாம். சொற்கள் சாறனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் கரைக்கு நடந்து வருவதுபோல் எனக்குத் தோன்றும். வந்தவர்கள் யார் என்று இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. நம்மோடு சாப்பிட்டு நம்மோடு படுத்துக்கொள்கிறார்கள்.

தங்கச்சியின் கணவர், என் மச்சான், களப்புக்கு அக்கரையில் உள்ள கனமூலை ஊர்க்காரர். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் வந்து குடியிருந்து தோட்டம் செய்பவர். நல்ல மனிதர். வாய் ஓயாது. நான் சொல்லாமல் விட்ட கதையெல்லாம் சேர்த்து அவரே கதைத்துவிடுவார். ஒருநாள் புத்தளத்திலிருந்து த்ரீவீலில் பழைய மோட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கிணற்றுக்கட்டில் இறக்கினார்.

"வாளியால அள்ளி அள்ளி உங்கட கை நீண்டு போயிரிச்சி மச்சான். இனி நீங்க சும்மா நிண்டு பாருங்க."

மோட்டரின் பக்கத்தில் ஒரு தகடு. அதில் எழுத்து. மனைவி முக்காட்டு நுனியால் எண்ணெயைத் துடைத்துவிட்டு வாசித்தாள்.

"டூ நொட் எக்ஸீட்..."

அதற்குப் பிறகு துரு. எழுத்தை முழுக்கத் தின்றிருந்தது.

"அப்டியெண்டா?" என்று மச்சான் கேட்டார்.

"மிஞ்சப்படாது எண்டு இரிக்கு."

"எத மிஞ்சப்படாது?"

"அதத்தான் துரு திண்டிரிச்சே."

மச்சான் கையைத் தட்டிச் சிரித்தார். "அப்ப நல்லம்! எதையெண்டு செல்லாட்டி எல்லாத்தையும் மிஞ்சலாம்." எங்கள் வாயில் சொல்லு என்பது செல்லு என்றுதான் வரும்.

அன்று மாலை அவள் அந்தச் சொல்லை எடுத்தாள். மச்சானும் தங்கச்சியும் தேத்தண்ணிக்கு வந்திருந்தார்கள். லத்தீன் என்ற பழைய பாசையில் பிறந்த சொல்லாம். அங்கிருந்து பிரெஞ்சுக்காரரிடம் போய், அவர்களிடமிருந்து இங்கிலீஷ்காரரிடம் வந்ததாம். முன்பாதி ‘எக்ஸ்’, வெளியே. பின்பாதி நடப்பது, போவது. ஆக, முதன்முதலில் அந்தச் சொல்லுக்கு வெளியே போவது என்பதுதான் பொருள். பிறகு எல்லையைக் கடந்து போவது. பிறகு அளவை மிஞ்சுவது.

"வெளிய போறதெல்லாம் மிஞ்சுறதா?" என்றாள் தங்கச்சி. "அப்ப என்ட மனுசன் காலயில இரிந்து எக்ஸீட்தான்."

"நீ வாயால எக்ஸீட்," என்றார் மச்சான்.

மனைவி இன்னும் வாசித்தாள். போவது என்ற அந்தப் பின்பாதிக்கு, விலகி இடம் விடுவது என்றும் ஒரு பொருள் இருந்ததாம். அதே பாதி வேறு பல சொற்களிலும் இருக்கிறதாம். ஒன்றில் முன்னுக்குப் போவது. ஒன்றில் பின்வாங்குவது, வற்றுக்கடலில் தண்ணீர் பின்வாங்குவதுபோல. ஒன்றில் ஒருவருக்குப் பின்னால் வருவது, அதுதான் இப்போது வெற்றி பெறுவது என்று ஆகியிருக்கிறதாம். ஒரே வீட்டில் பிறந்து வெவ்வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண்களை நினைத்துக்கொண்டேன். நடையைப் பார்த்தால் இன்ன வீட்டுப் பிள்ளை என்று தெரியும்.

அந்தக் கிழமை முழுவதும் பாத்திக்குள் குந்தியிருந்தபடி நம்முடைய சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மீறுவது என்றால் அதில் ஒரு குற்றம் இருக்கிறது. தாண்டுவதில் குற்றம் இல்லை, கால்தான் இருக்கிறது. மிஞ்சுவதில் சட்டியடியில் மிச்சமிருக்கும் சோறும் இருக்கிறது. வெள்ளைக்காரனுடைய சொல்லில் ஒரு கதவுதான் எனக்குத் தெரிந்தது. ஓர் ஆள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறார். கெட்டவர் இல்லை. ஏதோ தேவைக்குத்தான் போகிறார். எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. இப்படி நினைத்துக்கொண்டே களை பிடுங்கியதில் ஒரு மூலையில் வெங்காயத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன்.

அந்த வருடம் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கிப் பல கிழமையாகியும் வானம் ஒரு துளி தரவில்லை. மோட்டர் கொஞ்ச நேரம் இழுக்கும், பிறகு காற்றை இழுத்து இருமும். மச்சான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ரெண்டு வளையம் எறக்கினா சரி மச்சான். எங்கட ஊர்ல தண்ணி குறைஞ்சா அதத்தான் செய்யிற. தோண்டத் தோண்ட நல்ல தண்ணி."

அவர் சொன்னது அவருடைய ஊருக்கு உண்மை. கனமூலையில் கிணறு ஆழமானால் தண்ணீர் கூடும். எங்கள் பக்கம் கிணறு ஆழமானால் கடல் வரும். கொங்கிறீட் வளையம் இறக்கி அடி மணலைத் தோண்டினால் அந்த மெல்லிய ஆடை கிழிந்துவிடும். ஒருமுறை உப்பு ஏறின கிணறு எத்தனை மாரி பெய்தாலும் லேசில் திரும்பாது. இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரிந்த விசயம். தங்கச்சி வெங்காயம் தரம் பிரிக்க இருப்பாளே தவிரக் கிணற்றுக் காரியத்தில் வாய் வைக்கமாட்டாள். "அவருக்குத் தெரியும்" என்பாள். எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டியவன் நான். நான் "ம்" என்றேன். மச்சான் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு மதுரங்குளிக்குப் போய் வளையம் சொல்லிவிட்டு வந்தார்.

"நீங்க செல்லுங்க," என்றாள் மனைவி.

"நீ செல்லேன்."

"நான் செல்லி? கிணறு உங்கட வாப்பாட. நீங்கதான் செல்ல வேணும்."

சொல்லப் போனேன். வேலிக்கு அப்பால் அவர் நின்றார். என்னைக் கண்டதும், "மச்சான், வாங்க, வளையம் வியாழக்கிழம வருது!" என்று ஆசையோடு கூப்பிட்டார். அந்த முகத்துக்கு முன்னால் எனக்குச் சொல் வரவில்லை. காற்று பலமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வீட்டுக்குள் அவள் கதிரையில் ஏறி நின்று, அலுமாரிக்கு மேல் கிடந்த பயணப் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"தூசி." கொஞ்சம் பொறுத்து, "கிணறு போனா வெங்காயம் போகும். வெங்காயம் போனா நான் போகத்தானே வேணும். குவைத்துக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் போன் கோல் எடுத்துக்கிட்டுத்தான் இரிக்கான்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்குச் சந்தை இருக்கிறது என்பதுபோல் சொன்னாள்.

வியாழக்கிழமை விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நான் கிணற்றுக்குள் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியாது. அடியில் விழுந்த இலை தழையை அள்ளுவோம் என்று நினைத்தேன் போலும். கற்சுவரில் கால் வைத்து இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றேன். அள்ளி முடித்த பிறகும் ஏறவில்லை. உள்ளே காற்று இல்லை. வெளியே சோளகம் தென்னையைப் பிடித்து உலுக்கும் சத்தம், எங்கேயோ வேறு ஊரில் நடப்பதுபோல் கேட்டது. தலைக்கு மேல் வட்டமாக வானம். வெளிச்சம் சுவரில் நெளிந்துகொண்டிருந்தது. நான் நின்ற மணலுக்குக் கீழே அந்தக் கடல். அது என் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பயம் வரவில்லை. தூக்கம் வருவதுபோல் ஒரு சுகம்தான் வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது.

பிறகு லொறி வந்தது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே காலுக்கு வந்துவிட்டது. வட்டத்தின் ஓரத்தில் மச்சானின் தலை தெரிந்தது.

"மச்சான், ஏறுங்க. வளையம் வந்திரிச்சி."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"என்ன, கால் புடிச்சிக்கிட்டா?"

"இல்ல."

அந்தக் குரல் எனக்கே புதிது. சுவர் அதை வாங்கி உருட்டிப் பெரிதாக்கி மேலே அனுப்பியது.

"அப்ப ஏறுங்களேன்."

"ஏற மாட்டன்."

இன்னும் தலைகள் சேர்ந்தன. வெளிச்சத்துக்கு எதிராக எல்லாம் கறுப்பு. யார் எவர் என்று தெரியவில்லை.

"நானா, என்ன வெளையாட்டு இது?" அண்ணனான என்னை நானா என்று கூப்பிடும் தங்கச்சியின் குரல். "பாணும் சம்பலும் வச்சிரிக்கன், தேத்தண்ணி ஆறுது."

"மே மனுஸ்ஸயா லிந்தே மொகத கரன்னே?" இந்த மனுசன் கிணற்றுக்குள் என்ன செய்கிறான் என்று லொறிக்காரர் சிங்களத்தில் கேட்டார். மச்சான் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

நான் சொன்னேன். முகங்கள் தெரியாததால்தான் சொல்ல முடிந்தது.

"மச்சான், உங்கட ஊர்ல கீழ தண்ணி. இங்க கீழ கடல். இதுக்குக் கீழ போகப்படாது."

"ரெண்டே ரெண்டு வளையம்தானே."

"கிணறு உப்பாப் போனா வெங்காயம் இல்ல. வெங்காயம் இல்லாட்டி இவ திரும்பக் குவைத்துக்குப் போயிருவா. எனக்கு இவ போறது விருப்பமில்ல. போன தடவயும் விருப்பமில்ல. செல்லத் தெரியாமப் போச்சு."

சுவர் கடைசிச் சொல்லை இன்னொரு தரம் சொன்னது. ஒரு தலை மட்டும் வட்டத்திலிருந்து மறைந்தது.

லொறிக்காரர் என்ன, என்ன என்று கேட்டார். மச்சான் இந்த முறை சிரிக்காமல் மெதுவாக எடுத்துச் சொன்னார். அவர் நீளமாக ஏதோ பதில் சொன்னார்.

"மச்சான், இவரு என்ன செல்றாரெண்டு தெரியுமா?" என்றார் மச்சான் கீழே குனிந்து. "இவருக்கும் பொஞ்சாதிகிட்ட செல்ல ஏலாத கதை நெறய இரிக்காம். ஆனா இவருட வீட்ல கிணறு இல்லயாம். குழாய்தானாம்."

மேலே எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிணறும் சிரித்தது.

"இவ்வளவையும் மேல நிண்டே செல்லியிரிக்கலாமே."

"மேல உங்கட முகம் தெரியுதே மச்சான்."

அவர் கிணற்றுக்கட்டில் விரலால் தட்டிக்கொண்டிருப்பது கேட்டது. பிறகு, "சரி, கொண்டு வந்ததத் திருப்பி அனுப்ப ஏலாது. கீழ வேணாமெண்டா மேல வைப்பம்," என்றார்.

அது முழுக்க அவருடைய யோசனை. எனக்கு அது தோன்றியிருக்காது. வளையங்களைக் கிணற்றுக்குப் பக்கத்தில் நிலத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியைச் சீமெந்தால் பூசித் தொட்டியாக்கினார். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று மோட்டர் அதை நிரப்பும். தொட்டியிலிருந்து பாத்திக்கு விடுவோம். பாத்திகளில் பாதியை அந்தப் போகம் சும்மா போட்டோம். அதற்கு அவர் முணுமுணுத்தார், ஆனால் போட்டார். மற்றப் பாதி வெங்காயம் சிறுத்தாலும் நல்ல நிறத்தில் வந்தது. கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தால் இன்றைக்கும் தேத்தண்ணி ருசிதான்.

ஆனால் நான் எழுத வந்தது இது மட்டும் இல்லை.

அன்று காலை லொறிக்காரரும் மச்சானும் லொறியிலிருந்து வளையம் இறக்கப் போன பிறகு, மறைந்துபோன அந்தத் தலை திரும்ப வட்டத்தில் தெரிந்தது. முக்காட்டு நுனி காற்றில் பறந்தது.

"ஏறி வாங்க. கால் ஊறிப் போயிரும்."

"வாறன்."

"உள்ளுக்க இரிந்து என்னமோ செல்லினீங்களே. எனக்குச் சரியாக் கேக்கல்ல."

"கேட்டிச்சிதானே."

"அது கிணறு செல்லினது. நீங்க மேல வந்து செல்லுங்க."

ஏறி வந்தேன். அவள் துவாயை நீட்டினாள். கண் சிவந்திருந்தது. காற்றில் மணல் பறந்ததாலும் இருக்கலாம். அவளுக்கு முன்னால் நின்று காலைத் துடைத்தேன். மறு காலையும் துடைத்தேன். முதல் காலைத் திரும்பவும் துடைத்தேன்.

"வாயால ஏலாட்டி எழுதித் தாங்க," என்றாள். "எனக்கு வாசிக்கத் தெரியும்."

ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஏஜென்சிக்காரர் இன்னும் கோல் எடுக்கிறார். நேற்றும் எடுத்தார். இப்போது ஒன்றும் சொல்ல ஏலாது, மழையைப் பார்த்துத்தான் என்று அவள் அவருக்குச் சொல்வது குசினியிலிருந்து கேட்டது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வெங்காயக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அதனால் இன்றைக்கு இதை எழுதி முடித்து அவளுடைய கதிரையில் வைக்கப் போகிறேன். நீ போக வேண்டாம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் போக வேண்டாம். எனக்கு விருப்பமில்லை.

ஓகஸ்ட் பதினாறு, வெள்ளிக்கிழமை.